திருச்சிக் கோட்டையும் புலிவார்டு சாலையும்

நமது தென்னூரிலிருந்து கிழக்கே சென்று மெயின்கார்டு கேட்டைக் கடப்போருள் பலர், தாம் ஒரு பழங்கோட்டையின் மேற்கு வாயிலினுள் நுழைவதை எண்ணிப் பார்ப்பதில்லை. மலையையும் தெப்பக்குளத்தையும் கடைவீதிகளையும் சூழ நாயக்க மன்னர்கள் எழுப்பிய மதிலின் எஞ்சிய வாயில் அது.

நாயக்க அரசி மீனாட்சியிடமிருந்து 1730களில் இக்கோட்டையைச் சந்தா சாஹிப் கைப்பற்றினார். பின்னர் இதன்பொருட்டு அவருக்கும் முஹம்மது அலி வாலாஜாவுக்கும் கடும்போர் மூண்டது. சந்தா சாஹிப் 1752இல் கொல்லப்பட்டார். வாலாஜா 1795இல் சென்னையில் காலமானார். களத்தில் எதிர்நின்ற அவ்விருவரின் கல்லறைகளும் இன்று ஹஜ்ரத் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்கா வளாகத்தில் உள்ளன.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துச் சாலைகள் அமைத்தனர். அவையே மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு சாலைகள். இப்பெயருக்கும் புலிக்கும் தொடர்பில்லை. "பூல்வார்" என்பது கோட்டை அரணைக் குறித்த பிரெஞ்சுச் சொல். பாரிஸ் நகரில் 17ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னர் மதில்களை அகற்றி, மரங்கள் சூழ்ந்த அகன்ற சாலைகளை அமைத்தபோது, அரணின் பெயரே சாலைக்கும் நிலைத்தது. அச்சொல்லே ஆங்கிலம் வழியாக நம் ஊருக்கு வந்து "புலிவார்டு" ஆயிற்று.

மதில் மறைந்த பின்னும் அது நின்ற இடத்தைக் காட்டுவது அச்சாலைப் பெயரே. தெருப்பெயர்கள் மாறிவிடின் அச்சான்றும் அழிந்துவிடும். ஆகவே, ஜமாஅத்தார் தம் இல்லத்துப் பழைய பத்திரங்களில் காணும் தெருப்பெயர்களையும் எல்லைக் குறிப்புகளையும், முதியோர் கூறும் செய்திகளையும் எழுதிவைத்து, இளைய தலைமுறையினரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.