கடிகாரம் பார்த்துப் பாலூட்டிய காலம்

கைக்குழந்தைக்கு மணி பார்த்துத்தான் பால் கொடுக்க வேண்டும், நடுவில் அழுதாலும் தூக்கக் கூடாது என்ற விதி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆங்கிலம் பேசும் நாடுகளின் வீடுகளை ஆண்டது. நியூயார்க் குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட் 1894-இல் வெளியிட்ட சிறிய வினா விடை நூல் அதற்கு வழி திறந்தது. தாதிப் பயிற்சிக்காக எழுதிய கையேடு அது. தாய்மார்களிடம் போய்ப் பதிப்பு மேல் பதிப்பு கண்டது.

விதியை இயக்கமாக்கியவர் நியூசிலாந்தின் ட்ரூபி கிங். டனீடின் நகருக்கு அருகே சீக்ளிஃப் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். அங்கிருந்த பண்ணையில் கன்றுகள் கழிச்சலில் சாவதைக் கண்டு, பாலை அளந்து நேரம் தவறாமல் கொடுத்துப் பார்த்தார். அதே ஒழுங்கைக் குழந்தைகளுக்கும் கொண்டுவந்தார். 1907-இல் அவர் தொடங்கிய சங்கம் கவர்னரின் மனைவி பெயரால் பிளங்கெட் சங்கம் என வழங்கியது. தாய்ப்பாலே சிறந்தது என்றார் கிங். ஆனால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைதான், இரவில் கிடையாது. கெட்டுப்போன பாலால் வரும் வயிற்றுப்போக்கு ஏராளமான குழந்தைகளைக் கொன்ற காலம் அது. அந்த அச்சத்தை மறந்துவிட்டு இந்தக் கண்டிப்பை எடைபோடுவது நியாயமாகாது.

கண்டிப்பு ஒரு வீட்டோடு நிற்கவில்லை. சுவரை ஒட்டிச் சுவர் இருந்த தெருக்களில் பிள்ளையின் அழுகை எல்லோர் காதிலும் விழும். புத்தகப்படி வளர்ப்பவள் பச்சைப்பிள்ளையைக் கதறவிடுகிறாள் என்று பழைய வழக்கத்தார் பொருமினார்கள். அழுதவுடன் தூக்குபவள் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று மற்றவர்கள் பொருமினார்கள். இந்தப் பிணக்கில் நிபுணர்கள் நடுநிலையாக இருக்கவில்லை. பாட்டிகளின் அனுபவமும் அக்கம்பக்கத்தாரின் யோசனையும் அறியாமை என்றே கையேடுகள் கற்பித்தன. அமெரிக்கக் குழந்தைகள் நலப் பணியகம் 1914-இல் வெளியிட்ட அரசுக் கையேட்டை எழுதியவர் மேரி மில்ஸ் வெஸ்ட். குழந்தையோடு விளையாடுவதையே குறைக்கச் சொன்னது அந்நூல். பணியகத்துக்குத் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார்கள். அருகிலிருந்த அம்மாவையும் மாமியாரையும் விட்டுத் தலைநகரைக் கேட்கும் பழக்கம் அப்படி வந்தது. 1928-இல் உளவியலாளர் ஜான் வாட்சன் இன்னும் ஒரு படி போய், பிள்ளையை முத்தமிடாமல் காலையில் கைகுலுக்கினால் போதும் என்றார்.

இந்த விதிக்குள்ளேயே ஒரு குறை இருந்தது. பிள்ளை எவ்வளவு அடிக்கடி குடிக்கிறதோ அதற்கேற்பவே தாய்க்குப் பால் சுரக்கும். இடைவெளியை நீட்டினால் பலருக்குச் சுரப்பு குறையும், பிள்ளை பசியில் அழும், பிறகு புட்டிதான். தாய்ப்பாலை வலியுறுத்திய இயக்கமே அதற்கு இடையூறாகவும் ஆனது. பால் போதாத பெண்ணோ தன் உடம்பில்தான் குறை என்று நம்பினாள். இந்த வரலாற்றில் மிகப் பெரிய அநியாயம் இதுவே.

1946-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கின் குழந்தை வளர்ப்பு நூல் வந்தது. ஹோல்ட் முறையில் வளர்க்கப்பட்டவர் அவர். பெற்றோர் தம்மை நம்பலாம், பிள்ளையைக் கொஞ்சலாம், பசித்தபோது கொடுக்கலாம் என்றார். பல கோடிப் பிரதிகள் விற்றன. இப்போது பொருமுவது முந்தைய தலைமுறையின் முறையாயிற்று: மணி பார்த்துப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு மருமகள்களின் தாராளம் சகிக்கவில்லை. 1960-களின் இறுதியில் இளைஞர் போராட்டங்களுக்கே ஸ்போக்கின் செல்லம்தான் காரணம் என்று அரசியல்வாதிகள் சாடினார்கள்.

ஸ்போக்கும் பிழைக்கு விலக்கல்ல. குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாம் என்று அவருடைய பிற்காலப் பதிப்புகள் சொல்லின. அப்படிப் படுப்பது தொட்டிலில் திடீர் மரண ஆபத்தைக் கூட்டுகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. 1994-இல் அமெரிக்காவில் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கியபோது, குப்புறப் படுக்க வைத்தே பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டிகளுக்கும் அந்தச் செய்தி போய்ச்சேர வேண்டியிருந்தது. வீட்டில் பிள்ளையைத் தூங்கவைப்பவர் பலர் என்பதால், தாத்தா பாட்டிகளையும் ஆயாக்களையும் நோக்கித் தனியாகப் பேச வேண்டியதாயிற்று. அத்தகைய திடீர் மரணங்கள் அதன் பின் கணிசமாகக் குறைந்தன.