அற்லாண்டாவில் ஒரு கதிரை

அமெரிக்காவின் தெற்கில், அற்லாண்டாவில எங்க சாப்பிடலாம் எண்டு கேட்டால் பலரும் பியூஃபர்ட் ஹைவே எண்டுதான் சொல்லுவினம். வியட்நாம் ஃபோ, கொரியச் சுட்ட இறைச்சி, மெக்சிக்கோ டாக்கோ எல்லாம் ஒரே வீதியில. ஆனால் 1960இல் அந்த நகரத்தின்ர மையத்தில ஒரு கறுப்பினத்தவர் கதிரையில இருந்து சாப்பிடுறதே பெரிய பாடு.

ரிச்ஸ் என்ற பெரிய கடையில் அவர்கள் காசு கொடுத்து உடுப்பு வாங்கலாம். அதே கடைக்குள் இருந்த மக்னோலியா அறையில் சாப்பிட முடியாது. காசுக்கு மட்டும் நிறம் இல்லைப்போல! 1960 ஒக்டோபர் 19 அன்று மாணவர்கள் அங்கே மறியல் செய்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் அவர்களோடு கைதானார். அவரைக் கூப்பிட்டதே மாணவர்கள்தான். எங்கட வயசுப் பெடியள், பெட்டையள். படிக்கிற புத்தகங்களில் அவர் பெயர் மட்டும்தான் நிக்குது.

சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு பஸ்கல் சகோதரர்களின் கடையில் சாப்பாடு இலவசம். ஜேம்ஸும் ரொபேர்ட்டும் 1947இல் தொடங்கிய கடை. பொரித்த கோழிக்குப் பேர்போனது. போராட்டத்துக்கான திட்டங்கள் பல அங்கேதான் பேசப்பட்டன.

1964 ஜூலை 2இல் குடியியல் உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. அடுத்த நாளே பிக்ரிக் உணவகத்துக்கு வந்த மூன்று கறுப்பின இளைஞர்களை முதலாளி லெஸ்டர் மடொக்ஸ் துப்பாக்கியோடு நின்று விரட்டினார். வழக்கில் தோற்ற பிறகும் கதிரை கொடுக்கவில்லை, கடையை மூடினார். 1967இல் ஜோர்ஜியாவின் ஆளுநராகப் பதவியேற்றது அதே ஆள்தான்.