ஐந்தில் ஒரு நாள்

சேப்பாக்கம் பற்றி எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் சென்னைவாசிகளின் ஞாபகங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறியோ நடந்தோ, ஐந்து நாளும் மைதானத்துக்குப் போய்வர முடிந்தவர்களின் ஞாபகங்கள். டாஸில் ஆரம்பித்து கடைசி விக்கெட்டிலோ கடைசி ஓவரிலோ முடிகிற முழு உருவமாக அவர்களுக்கு டெஸ்ட் பந்தயம் கிடைத்தது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் ராத்திரி ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, ஒரு நாள் ஆட்டம் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பியவனுக்குக் கிடைத்தது ஒரு துண்டு. அது எந்தத் துண்டு என்பதை ரயில் அட்டவணையும் லீவும் கையிருப்பும் தீர்மானித்தன. நம்மிடையே கிரிக்கெட் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பொருட்படுத்தியதில்லை. அவர்கள் எழுதியதில் இந்தப் பார்வையாளன் கூட்டத்தின் எண்ணிக்கையில் மட்டுமே இருக்கிறான்.

சென்னையில் கிரிக்கெட்டுக்கும் பொங்கலுக்கும் இருந்த உறவு பழையது. ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த பிரஸிடென்ஸி பந்தயம் பொங்கலை ஒட்டி நடப்பதாக இருந்தது. அதற்கு வித்திட்ட புச்சிபாபு நாயுடு 1908ல் இறந்துபோனார். 1915லிருந்து அது வருஷாந்தர வழக்கமாயிற்று. இடையில் சில வருஷங்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போயிருந்த டெஸ்ட், 1967 ஜனவரியில் சேப்பாக்கத்துக்குத் திரும்பியபோது அதே பருவத்தில்தான் வந்தது. 1973, 1975, 1977, 1979, 1980, 1982, 1985, 1988 — எல்லாம் பொங்கலை ஒட்டியவை.

விடுமுறை என்ற அளவில் இது வெளியூர்க்காரனுக்குச் சௌகரியம். ஆனால் பொங்கல் என்பது சென்னையில் இருப்பவன் ஊருக்குப் போகிற நாள். ஜனங்கள் தெற்கே போய்க்கொண்டிருக்கும்போது இவன் வடக்கே வருகிறான். பானை பொங்குகிற நேரத்தில், மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுகிற நேரத்தில், வீட்டை விட்டுப் போகிறான். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டவனுக்கு வீட்டிலும் தெருவிலும் கிடைக்கிற அங்கீகாரம் இவனுக்குக் கிடையாது. விளையாட்டைப் பார்க்கப் போவதை யாத்திரை என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த உவமை இங்கே பொருந்தாது. யாத்திரைக்கு ஊர் வழியனுப்பும். இது சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற பயணம். பெண்கள் இதில் அநேகமாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இந்தப் பயணம் சாத்தியமானதற்குக் காரணம் ரயில் மட்டுமல்ல, திருவல்லிக்கேணியும்தான். தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பிரம்மச்சாரிகள் தங்கிய மான்ஷன்கள் மைதானத்துக்கு நடக்கிற தூரத்தில் இருந்தன. குளிக்கவும், பையை வைக்கவும், தேவைப்பட்டால் தரையில் படுக்கவும் ஊர்க்காரன் ஒருவனின் அறை வேண்டும். ஐந்து நாளுக்குமான சீஸன் டிக்கெட் ஒன்றை நாலைந்து பேர் பங்குபோட்டுக்கொள்வதும் உண்டு. ஐந்தில் ஒரு நாள் என்பது அப்போது கணக்காகவே சரி. 1977 ஆகஸ்டில் வைகை எக்ஸ்பிரஸ் வந்ததே என்று கேட்கலாம். அது பகல் வண்டி. எழும்பூர் வந்து சேர்வதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

எந்த நாள் என்பதில்தான் எல்லாம். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்தது 1952 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. பன்னிரண்டு விக்கெட் எடுத்த வினு மன்கட்டை எல்லோருக்கும் தெரியும். முதல் நாளான 6ந்தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோனதால், ஓய்வு நாள் மறுநாளைக்கு முன்தள்ளப்பட்டதும் குறிப்புகளில் இருக்கிறது. அன்றிரவு வண்டியில் வந்து 7ந்தேதி காலை இறங்கியவனுக்கு அது வெறும் குறிப்பல்ல. குடியரசாகி இரண்டு வருஷங்கள் ஆன ஒரு தேசத்தில், லண்டன் அரண்மனையின் சாவு அவனுடைய ஒரே நாளை எடுத்துக்கொண்டது.

மாறாக, 1975 ஜனவரி 11ந்தேதி சனிக்கிழமை வந்தவன் அதிர்ஷ்டசாலி. ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்ததும், இந்தியா 190க்குச் சுருண்டதும், அதில் விஸ்வநாத் 97 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றதும் அந்த ஒரே நாளில். துண்டே முழுமையாக அமைந்துவிட்ட அபூர்வம். 1982ல் பொங்கலன்று, ஜனவரி 14, அதே விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் நாள் பூராவும் ஆடினார்கள். ஒரு விக்கெட் கூட விழவில்லை. அன்று மட்டும் பார்த்தவனைப் பொறுத்தவரை இங்கிலாந்துக்காரர்கள் விக்கெட் எடுக்கத் தெரியாதவர்கள்.

கொடூரமானது 1986 செப்டம்பர். ஞாயிற்றுக்கிழமை நாலாம் நாள் ஆட்டம் முடிகையில் ஆஸ்திரேலியா 347 ரன் முன்னிலையில் இருந்தது. டிராவைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்க நியாயமில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் இருந்தவன் ராத்திரி ரயிலைப் பிடித்தான். திங்கட்கிழமை பார்டர் டிக்ளேர் செய்தார்; இந்தியா 347 எடுத்தது; கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. இரண்டாம் நாள் டீன் ஜோன்ஸ் வாந்தியெடுத்துக்கொண்டே ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்களில் சிலர் முடிவை ஆபீஸ் ரேடியோவில்தான் கேட்டிருப்பார்கள்.

கூட்டத்தை நடத்துகிறவர்கள் வெளியூர்க்காரனைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. 1967 ஜனவரி 1ந்தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் இடத்துக்கு மேல் டிக்கெட் விற்று, உட்கார வழியில்லாத ஜனங்கள் எல்லைக்கோட்டருகே வந்துவிட, போலீஸ் தடியடி நடத்த, கலவரமாகி, தீ வைக்கப்பட்டு, அன்றைய ஆட்டமே நின்றுபோயிற்று. உள்ளூர்க்காரன் வீட்டுக்கு ஓடலாம். மற்றவன் வண்டி வருகிறவரை ஸ்டேஷனில் கிடக்கவேண்டும்.

இந்தத் துண்டுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. வானொலியும் மறுநாள் பேப்பரும் ஸ்கோரைச் சொல்லிவிடும். சந்திரசேகர் ஓடிவரும்போது கை எப்படி இருந்தது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. டீக்கடையிலும் ஆபீஸ் வராந்தாவிலும் திரும்பி வந்தவன் சொல்வதே ஆட்டம். ஒரு நாள் பார்த்ததை வைத்து ஐந்து நாளையும் சொன்னான். பார்க்காத நான்கு நாளும் அவன் சொல்லில் வளர்ந்தன. பொய் என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல புனைவுக்காரர்கள் சிலர் ஒரு வரி எழுதாமல் இந்த வகையில் செலவாகிப்போனார்கள் என்பது என் எண்ணம்.

எண்பதுகளின் நடுவில் சிறு ஊர்களுக்கும் தொலைக்காட்சி எட்டத் தொடங்கியதும் இது தலைகீழாயிற்று. வீட்டில் இருந்தவன் ஐந்து நாளையும் பார்த்தான், அதுவும் அருகிலிருந்து. போய்வந்தவனைத் திருத்தவும் செய்தான்: அது கேட்ச் இல்லை, தரையில் பட்டது. சாட்சி என்ற அதிகாரம் அவன் கையை விட்டுப் போயிற்று. 1995ல் சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயிலே வந்துவிட்டது. போகிறவர்கள் இன்றும் போகிறார்கள். இப்போது போவது பார்ப்பதற்காக அல்ல, அங்கே இருப்பதற்காக. இது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை, வேறு.

1999 ஜனவரி 31ந்தேதி பாகிஸ்தானிடம் இந்தியா பன்னிரண்டு ரன்னில் தோற்றது. மைதானத்தைச் சுற்றிவந்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதைச் சென்னையின் பண்பாடு என்று பலரும் எழுதினார்கள். நின்றவர்களில் எத்தனை பேர் சட்டைப்பையில் அன்றிரவு வண்டிக்கான டிக்கெட் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது நாலாம் நாள். மறுநாள் ஆட்டத்துக்காக அதே நேரத்தில் ஊரில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.