நீலியின் குழந்தை

மட்டக்களப்பு அமிர்தகழியிலே, ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தமாடி இறந்தோர்க்குக் கடன் கழிப்பது நம்மவர் மரபு. கழியாத கடன் பேயாய்த் தொடரும் என்னும் நம்பிக்கையைத் தாங்கி நிற்பது தொண்டைநாட்டுப் பழையனூர் நீலி கதை. முற்பிறப்பிற் கணவனாற் கொலையுண்டவள், வணிகனாய்ப் பிறந்த அவனைப் பேயுருவில் தொடர்ந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடையில் ஏந்தினாள். அக்குழவி அவனைத் தந்தையென அழைக்கவே, ஊரவையார் ஐயம் நீங்கினர். தீங்குறின் தம்முயிர் தருவதாக வாக்களித்து, இருவரையும் ஓரிடத்தில் இராத்தங்கச் செய்தனர். விடியலில் வணிகன் மாண்டுகிடந்தான். வேளாளர் எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர் என்பது கதை. 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் தேவாரத்திலேயே இதன் குறிப்புண்டு. நீலிக்கண்ணீர் என்னும் வழக்கு வஞ்சத்தை மட்டுமே நினைவூட்டுகின்றது. மழலைக்கு இரங்கித் தீர்ப்பிற் பிழைத்தவர், வாக்கிற் பிழைத்திலர். நாம் போற்றற்பாலது அதுவன்றோ?