குடியிருப்புச் சீரமைப்பும் சமத்துவமும்

பழைய குடியிருப்புக்களை இடித்துப் புதியன அமைத்தல் மக்கள் நலங் கருதிய செயலென்றே எக்காலத்துங் கூறப்பட்டு வந்துள்ளது. அந்நலம் எவரைச் சென்றடைந்தது என ஆராய்வது வரலாற்று மாணவர் கடமையாகும். இதற்கு இலண்டன் மாநகரின் வரலாறு தக்க சான்று தருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அந்நகரின் கீழ்ப்பாகத்தில், பெத்னல் கிரீன், ஷோர்டிச் என்னும் பகுதிகளின் எல்லையில், 'ஓல்ட் நிக்கல்' எனப்பட்ட சேரியொன்று இருந்தது. காற்றும் ஒளியும் புகாத ஒடுங்கிய தெருக்களில் ஏறத்தாழ 5,700 பேர் நெருங்கி வாழ்ந்தனர். அங்கு இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 40 அளவினதாயிருந்தது. இது நகரின் பொது வீதத்தினும் ஏறக்குறைய இருமடங்காகும். 1889 இல் தோன்றிய இலண்டன் கவுண்டி சபை, 1890 ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தின் துணைகொண்டு இச்சேரியை அகற்றியது. அவ்விடத்தெழுந்த பவுண்டரி குடியிருப்பை 1900 மார்ச்சு மாதத்தில் வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும், அகன்ற வீதிகளும், இடித்த வீடுகளின் கற்குவையால் உயர்த்தப்பட்ட வட்டப் பூங்காவும் அங்கு அமைந்தன.

ஆயின், பழைய குடிகளுள் இப்புதிய வீடுகளிற் குடிபுகுந்தோர் 11 பேரே என்பர். நாட்கூலியை நம்பி வாழ்ந்தோர்க்கு வாடகை இயலாததாயிற்று. கட்டடம் முற்றுப்பெறும்வரை பல்லாண்டு காத்திருக்கவும் அவர்க்கு வழியில்லை. ஆகவே அவர் அயற் பகுதிகளிற் புகுந்தனர். அங்கு நெருக்கடி மிகுந்தது. நிலையான ஊதியம் பெற்ற கைவினைஞரும் எழுதுவினைஞரும் போன்றோரே புதிய வீடுகளைப் பெற்றனர்.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின், இத்தகைய விளைவுகளை முன்னரே ஆராயுங் கடமை சட்டத்தில் இடம்பெற்றது. பொது நிறுவனங்கள் தம் தீர்மானங்கள் முதியோர், உடற்குறையுடையோர், சிறுபான்மை இனத்தோர் முதலியோரை எவ்வாறு பாதிக்கும் என்பதை உரியவாறு கருதல் வேண்டுமென 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் விதித்தது. தென் இலண்டனில், சவுத்வார்க் நகரசபை, 1960களிலும் 1970களிலும் எழுந்த எயில்ஸ்பரி குடியிருப்பை இடித்தமைக்க முனைந்தபோது இக்கடமை விசாரணைக்கு வந்தது. நீண்டகாலக் குத்தகையில் வீடு வாங்கியிருந்தோர், இழப்பீட்டுப் பணங்கொண்டு அப்பகுதியில் வேறு வீடு வாங்கல் அரிது. இவ்விடர் முதியோரையுஞ் சிறுபான்மையோரையுமே மிகுதியாகச் சாரும். இவை போன்ற காரணங்களால் 2016 இல் அமைச்சர் வீடுகளைக் கட்டாயமாகக் கொள்வதற்கு அனுமதி மறுத்தார். அம்முடிவு பின்னர் நீக்கப்பட்டு, மறு விசாரணையின்பின் 2018 இல் அனுமதி வழங்கப்பட்டது. எனினும், இடம்பெயர்வோர் நிலை இடிப்பதன் முன் ஆராயப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

வீடுகளின் தொகையுஞ் சிறப்பும் மாத்திரம் சமத்துவத்தைக் காட்டா. பழைய குடிகளுள் எத்துணையர் மீள வருவர், வாராதோர் எங்குச் செல்வர், அவருள் மிகுதியாக இழப்போர் யாவர் என்பனவே அதனை அளக்குங் கணக்காகும். இக்கணக்கை இடித்தபின் எடுப்பது வரலாற்றாசிரியருக்குப் பயன்படலாம், குடிகளுக்குப் பயன்படாது.