ராஜாராமன், வை. (1933–2025)

கணினி அறிவியலர், பேராசிரியர். காவிரியின் இக்கரையில் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம், அக்கரையில் அவர் பிறந்த ஈரோடு. படிப்பு டெல்லியிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும், பிறகு எம்.ஐ.டி.யில் முதுகலை, 1961-இல் விஸ்கான்சினில் முனைவர் பட்டம். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். ஐ.பி.எம். 1620 கணினி அங்கு வந்திறங்கியதும் அந்த ஆண்டில்தான். முன்னோடி என்று சொல்லி அவரை முடித்துவிடுவது வழக்கம். ஆனால், மென்பொருள் அமைப்பை வடிவமைப்பது கைராசிக்காரரின் வித்தையல்ல, யாருக்கும் கற்றுத்தரக்கூடிய முறை என்று நிறுவியதே அவருடைய பெரும்பணி. 1965-இல் கான்பூரில் தொடங்கிய கணினி அறிவியல் எம்.டெக். பிரிவும், 1969-இல் வந்த ஃபோர்ட்ரான் பாடநூலும் அதன் முதல் படிகள்.

பாடநூல் எழுதியவர்தானே, எதைக் கட்டினார் என்று கேட்கலாம். மொழியைக் கற்பிக்கும் நூல் மொழியோடு பழசாகும் என்பதும் உண்மை. தகவல் அமைப்புகளின் பகுப்பாய்வு, வடிவமைப்பு பற்றிய அவரது நூல் அப்படியல்ல. அது அலுவலக நடைமுறையிலிருந்து தொடங்குகிறது. நிபந்தனைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கும் முடிவு அட்டவணை அதில் வருகிறது. அதைச் சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு லோடா இல்லையா, வாடகை ரொக்கமா கடனா, ரிட்டர்ன் லோடு உண்டா இல்லையா: மூன்று கேள்விகளுக்கு எட்டுச் சேர்க்கைகள். டிரைவருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று குமாஸ்தா ஐந்தாறுக்கு உடனே சொல்லிவிடுவார். மிச்சம் கட்டத்தில் காலியாக நிற்கும். நிரலின் பிழை பெரும்பாலும் அந்தக் காலிக் கட்டத்தில்தான் இருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் இது மாறாது.

மின்னணு ஆணையத்தின் கணினி மனிதவளக் குழுவுக்கு 1979-இல் அவர் தலைவரானார், எம்.சி.ஏ. படிப்பு அதன் பரிந்துரை. அது வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கூலிக்கு நிரல் எழுதுவோரைத்தான் பெருக்கியது என்ற குறை உண்டு. சேலம், திருச்செங்கோடு கல்லூரிகளில் அதைப் படித்தவர்களில் பலர் பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியது மெய்தான். ஆனால் பாடத்திட்டம் கேட்டது வேறு: கணக்குப்பதிவியல், மேலாண்மை, ஒரு பருவம் முழுக்கத் தொழிலகப் பயிற்சி. பி.எஸ்சி., பி.காம். முடித்த பிள்ளை ஒரு நிறுவனத்தின் வேலையைப் புரிந்துகொண்டு அதற்கேற்ற அமைப்பை வரையவேண்டும் என்பதே நோக்கம். அதை வெறும் மொழிப் பயிற்சியாகச் சுருக்கியது கல்லூரிகளின் கைவரிசை.

1982-இல் பெங்களூரு சென்று இந்திய அறிவியல் கழகத்தின் மீத்திறன் கணினி மையத்தை நடத்தினார். பட்நாகர் விருது 1976, பத்மபூஷண் 1998. அவரது குழு பரிந்துரைத்த எம்.சி.ஏ. 2020-இல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது.