வலையில் வைத்த வாயில்

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா’ என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. வீட்டைப் பொறுத்த வரையில் இது வெறும் நம்பிக்கையே. வலையைப் பொறுத்த வரையிலோ முழு உண்மை. ஆமை புகுந்த வலை கிழியும், அதில் அகப்பட்ட இறால் நசுங்கும், ஆமையும் மடியும். மெக்சிகோ வளைகுடாவில் ஆமை புகுந்த வலைக்குள் ஒரு காலத்தில் அமீனாவும் புகுந்தார். அதனால் விளைந்த பூசலின் வரலாறு மாணவர்கள் அறியத் தக்கது எனக் கருதி, அதனை இங்கே சொல்ல எடுத்துக்கொள்கிறேன்.

கடலில் வாழும் ஆமை கடலிலேயே எவ்வாறு மூழ்கிச் சாகும் என்று நீங்கள் கேட்கலாம். ஆமை மீன் அன்று. அதற்குச் செவுள் இல்லை. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுவது. நீரின் மேல் வந்து காற்றை உட்கொண்ட பின்னரே அது மீண்டும் ஆழத்துக்குச் செல்லும். இறால் பிடிக்கும் இழுவலையோ வாய் அகன்று வால் குறுகிய பெரும் பை. விசைப்படகு அதனைக் கடலடித் தரையோடு மணிக்கணக்கில் இழுத்துச் செல்கிறது. எதிர்ப்படும் ஆமை வலைக்கு முன்னே நீந்தித் தப்பப் பார்க்கும். களைத்தவுடன் வலையின் வால்புறமாகிய மடிக்குள் போய் விழும். இழுப்பு ஒரு மணி நேரத்தைக் கடந்துவிட்டால், அவ்வாறு விழுந்த ஆமைகளுள் பல மூச்சடைத்து இறக்கின்றன. அவற்றைக் கொல்வது வெளியேற வழி இல்லாமையே.

மெக்சிகோ நாட்டின் தமௌலிபாஸ் மாநிலத்தில் ராஞ்சோ நுவேவோ என்னும் கடற்கரை இருக்கிறது. கெம்ப் ரிட்லி என்னும் ஆமை இனம் முட்டையிடுவதற்குப் பெரும்பாலும் இக்கரையையும் இதை அடுத்த கரைகளையுமே நாடுகிறது. 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆண்ட்ரேஸ் எர்ரேரா என்னும் பொறியாளர் அங்கே ஒரு சிறு திரைப்படம் எடுத்தார். 1961-இல் அறிவியலார் அப்படத்தைக் கண்டு வியந்தனர். ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பெண் ஆமைகள் கரையேறின என்பது அவர்கள் மதிப்பீடு. ஆனால் அவர்கள் படத்தைக் காணும்போதே அக்காட்சி பழங்கதையாகிக்கொண்டிருந்தது. முட்டைகளை மக்கள் தோண்டி எடுத்து விற்றனர். வளர்ந்த ஆமைகளை இறால் வலைகள் வாரிச் சென்றன. 1966 முதல் மெக்சிகோ அரசு அக்கரைக்குக் காவல் இட்டது. அவ்வாறு காத்தும், 1985-இல் கண்ட முட்டைக் குழிகள் 702 மட்டுமே. கரையில் காவல் இருந்தது, கடலில் இல்லை.

கடலுக்குள் ஆமையைக் காக்கும் வழி ஒரு மீனவரின் கைவேலையாகவே தோன்றியது என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டாரியன் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த சிங்கி பூன் இறால் பிடித்து வாழ்ந்தவர். ஆமையைக் காக்க வேண்டும் என்று அவர் புறப்படவில்லை. நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் இழுதுமீன்கள் திரள் திரளாக வந்து அவருடைய வலையை நிரப்பின. வலை கனத்தது, இறால் கெட்டது, உழைப்பு வீணாயிற்று. 1960-களின் இறுதியில் அவர் ஓர் உபாயம் கண்டார். வலையின் கழுத்தில் உலோகக் கம்பிகளால் ஆன தட்டி ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினார். தட்டி முடியும் இடத்தில் வலையை வெட்டி ஒரு வாயில் வைத்தார். இறால் கம்பிகளின் இடையே நுழைந்து மடியைச் சேர்ந்தது. சொறியும் ஏனைய பெரிய உயிர்களும் கம்பியில் மோதிச் சறுக்கி வாயில் வழியே வெளியேறின. அவற்றோடு ஆமையும் வெளியேறிற்று!

அமெரிக்க அரசின் கடல் மீன்வளத் துறையினரும் தனியே ஆய்வு நடத்தி, 1980-களின் தொடக்கத்தில் தம் கருவியை வெளியிட்டனர். ‘ஆமை விலக்கி’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம். வலைக்குள் வந்த ஆமைகளில் 100-க்கு 97-ஐ அது விடுவித்தது. ஆயினும் முதலில் வந்தது கூண்டு போன்ற கனத்த பொருள்; ஆடும் படகில் அதனைக் கையாளுதல் அரிது. விரும்பினால் பயன்படுத்துக என்று சொன்னபோது விரும்பினோர் மிகச் சிலரே. எனவே 1987-இல் அரசு அதனைக் கட்டாயமாக்கியது. பூன் அமைத்த எளிய தட்டியும் ஏற்கப்பட்ட கருவிகளுள் இடம் பெற்றது.

விதி பிறந்தவுடன் பூசலும் பிறந்தது. அவ்விதியைத் தன் அலுவலர்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்று லூசியானா மாநிலம் சட்டமே இயற்றியது. அச்சட்டம் 2015-இல்தான் நீங்கியது. 1989 ஜூலையில் டெக்சாஸ் கரையோரம் இறால் படகுகள் திரண்டு கப்பல்கள் செல்லும் வாய்க்கால்களை அடைத்து நின்றன. அரசு சிறிது காலம் விதியை நிறுத்திவைத்து, பின்னர் மீண்டும் கொணர்ந்தது.

அம்மீனவர்களைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு படகில் ஆண்டு முழுவதும் அகப்படும் ஆமைகள் மிகச் சிலவே. ‘என் வலையாலா ஓர் இனம் அழியும்?’ என்று படகோட்டி கேட்டால், அவன் கண்டவரையில் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் படகுகள் பல்லாயிரம். பல துளி பெருவெள்ளம் அன்றோ? 1990-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் கணக்கிட்டுப் பார்த்தது. அந்நாட்டின் கடற்பகுதியில் இறால் வலைகளால் ஆண்டுக்கு 55,000 ஆமைகள் வரை மடியக்கூடும் என்றும், மனிதரின் ஏனைய செயல்கள் அனைத்தும் சேர்ந்து கொல்வதினும் இது மிகுதி என்றும் அது அறிவித்தது. கருவியிலும் குறை இருந்தது. வாயில் சிறிதாயிருந்தமையால் பேராமைகள் நுழைய இயலவில்லை. 2003-இல் அதனை அகலமாக்க ஆணையிட்டனர்.

இதற்கிடையில் பூசல் நம் நாட்டு வாயிலுக்கும் வந்துவிட்டது. ஆமை விலக்கி இன்றிப் பிடித்த இறாலைத் தன் நாட்டினுள் விடுவதில்லை என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் செய்து, 1996-இல் அதனை உலகெங்கும் விரித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் உலக வணிக அமைப்பிடம் முறையிட்டன. 1998 அக்டோபரில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். ஆமையைக் காக்கும் நோக்கம் முறையானதே என்று தீர்ப்பாளர் ஒப்புக்கொண்டனர். ஆனால் கரீபியன் பகுதி நாடுகளுக்கு மூன்று ஆண்டுத் தவணையும் உதவியும் தந்துவிட்டு, ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் கொடுத்தது பாரபட்சம் என்று கண்டித்தனர். அமெரிக்கா தன் முறையைத் திருத்திக்கொண்ட பின், 2001-இல் மலேசியா மீண்டும் தொடுத்த வழக்கு வெல்லவில்லை. நோக்கம் நல்லதாயினும் அதனை நடத்தும் முறையும் நேரியதாக இருத்தல் வேண்டும் என்பதே நான் அத்தீர்ப்பில் காணும் பாடம்.

பிற்காலத்தில் இக்கருத்து திமிங்கலங்களுக்கும் பயன்பட்டது. அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் சிங்கிறால் கூடுகளின் கயிறுகளில் திமிங்கலங்கள் சிக்கி மாண்டன. 1,700 பவுண்டு விசையில் அறுந்துவிடும் கயிறு அல்லது இடைப்பிணைப்பு வேண்டும் என்று 2021-இல் அங்கே விதி செய்தனர். ஆமைக்கு வாயில், திமிங்கலத்துக்கு அறுபடும் கயிறு. இரண்டும் தப்பிச் செல்லும் வழிகளே.

ராஞ்சோ நுவேவோவில் என்ன ஆயிற்று? கரைக் காவலும் வலையில் வைத்த வாயிலும் சேர்ந்து பயன் தந்தன. 2017-இல் மெக்சிகோ கரைகளில் 20,000-க்கும் மிகுதியான முட்டைக் குழிகள் காணப்பட்டன. இடையிடையே எண்ணிக்கை தாழ்ந்தாலும், இனம் அழியவில்லை.

நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை அந்த இனத்துக்கு நெருங்கிய உறவு. சென்னையில் 1988-இல் மாணவர்கள் ஓர் அமைப்பை நிறுவி, இரவுதோறும் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவருகின்றனர். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார் நம் படகுகளுக்கு ஏற்ற ஆமை விலக்கியை உருவாக்கியுள்ளனர். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடித்தலாகாது என்ற விதியும் தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இத்தனை இருந்தும், 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் மூழ்கி இறந்திருக்க வேண்டும் என்றே அறிந்தோர் கூறினர்.

முட்டையைக் காக்கும் மாணவர் கை கரையோடு நின்றுவிடுகிறது. கடலுக்குள் ஆமையைக் காக்கக்கூடியவர் மீனவர் ஒருவரே. அவருடைய இழப்பையும் நம் கணக்கில் சேர்த்து, அவருடைய கைத்திறனையும் துணையாகக் கொண்டால், வலையில் அவ்வாயிலை அவரே வைத்துத் தருவார். டாரியன் மீனவர் அரசாணை எதுவும் பிறக்கும் முன்பே அதனைச் செய்து காட்டினார்.